தண்ணீருக்குக் கீழே இருப்பதுதான் படகு

2018 மார்ச் மாதக் குளிரில், இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷையரில் உள்ள ஓர் உலர்துறையில், தண்ணீர் வடிக்கப்பட்டு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த 57 அடி நீளப் படகின் பக்கவாட்டில் குனிந்தபடி, படகைச் சோதிக்க வந்த சர்வேயர் ஒரு சிறிய சுத்தியலால் எஃகுத் தகட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓசை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தை நெருங்கியபோது ஓரிடத்தில் அது சற்று மந்தமாக ஒலித்தது. அவர் நின்றார், துருவைச் சுரண்டினார், மீயொலி அளவுக் கருவியை அங்கே அழுத்தினார், 4.3 என்ற எண்ணைத் தகட்டின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதினார். அந்தத் தகடு 1998ஆம் ஆண்டு படகு கட்டப்பட்டபோது 6 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தது.

அதுவரை அந்தப் படகைப் பற்றி நாங்கள் அறிந்திருந்ததெல்லாம் அதன் மேல்பாதி மட்டுமே. ஓக் மரம் இழைத்த சுவர்கள், பித்தளை வளையமிட்ட வட்டச் சாளரங்கள், மூலையில் வார்ப்பிரும்பு அடுப்பு ஆகியவற்றைப் பார்த்த முதல் நாளே என் மனைவியும் நானும் உள்ளுக்குள் அதை வாங்கிவிட்டிருந்தோம். சர்வேயர் எழுதிய எண்கள்தான் எங்களை நிதானத்துக்குக் கொண்டுவந்தன. நேரோபோட் எனப்படும் இந்த ஒடுக்கமான கால்வாய்ப் படகுகள் பெரும்பாலும் அடித்தகடு 10, பக்கத்தகடு 6, அறைச்சுவர் 4 மில்லிமீட்டர் என்ற கனத்தில் கட்டப்படுகின்றன. நீர்மட்டத்தை ஒட்டிய பகுதி காற்றும் நீரும் மாறிமாறிப் படுவதால் விரைவில் அரிக்கப்படும். தகடு எங்காவது 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் முழுக் காப்பீடு கிடைப்பது கடினம். எங்கள் படகு அந்த எல்லைக்கு மிக அருகில் நின்றது. சர்வேயரின் அறிக்கையைக் காட்டிப் பேசியதில் விற்பவர் விலையில் 4,500 பவுண்டைக் குறைத்தார். அந்தப் பணம் அப்படியே அடுத்த மாதம் அரிப்புக் கண்ட இடங்களில் புதுத் தகடு பற்றவைக்கவும், தார் பூசவும், எஃகுக்குப் பதிலாகத் தாம் அரிபட்டுக் கரையும் மக்னீசிய ஆனோடுகளை மாற்றவும் போய்ச் சேர்ந்தது.

படகு வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் பணத்தில், நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு சர்வேயரை வைத்து, படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்காமல் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். விற்பவர் நீட்டும் பழைய அறிக்கை போதாது. உள்ளே மெத்தையும் திரைச்சீலையும் நம் கையால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. நீருக்குக் கீழே இருக்கும் எஃகு அப்படிப்பட்டதன்று.

நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற பொறியாளர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களை வெட்டியபோது, படகை மேட்டுக்கு ஏற்றவும் இறக்கவும் உதவும் லாக் என்னும் நீர்ப்பூட்டுகளைச் சுமார் 7 அடி அகலத்தில் கட்டினார்கள். சிறிய பூட்டு என்றால் கட்டும் செலவும் குறைவு, ஒவ்வொரு முறையும் செலவாகும் தண்ணீரும் குறைவு. 250 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கணக்குத்தான் இன்று எங்கள் சமையலறையின் அகலத்தை முடிவு செய்திருக்கிறது. நீளத்திலும் இதே கதைதான். 70 அடிக்கு மேல் நீளமான படகுகளும் உண்டு என்றாலும், வடக்கே உள்ள சில கால்வாய்களின் லாக்குகள் குட்டையானவை. அங்கும் போய்வர வேண்டுமானால் 57 அடிதான் பாதுகாப்பான அளவு. வாங்கும்போது இது எங்களுக்குத் தெரியாது, அதிர்ஷ்டவசமாக அமைந்தது.

முதல் மூன்று ஆண்டுகள் விடுமுறை நாட்களில் மட்டும் படகில் போய்வந்தோம். மகள் வேலைக்குப் போன பிறகு, 2021 முதல் ஆண்டின் பெரும்பகுதியைப் படகிலேயே கழிக்கிறோம்.

படகைச் செலுத்துவது பார்ப்பதற்கு எளிது. பின்பக்கத்தில் நின்றுகொண்டு சுக்கான் பிடியை இடப்புறம் தள்ளினால் படகின் முகம் வலப்புறம் திரும்பும். இதற்குக் கை பழக அரை நாள் போதும். பழகாமல் இருப்பது வேறொன்று: கார் முன்சக்கரத்தால் திரும்புவதுபோல் படகு திரும்புவதில்லை. அது தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. முகம் வலப்புறம் போகும்போது நாம் நிற்கும் பின்பக்கம் இடப்புறம் வீசும். பாலத்தின் கீழ் நுழையும்போது முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பின்பக்கம் செங்கல் சுவரில் உரசும். அதோடு இந்தப் படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் பின்கியரைப் போட வேண்டும், ஆனால் பின்கியரில் சுக்கானுக்கு ஏறக்குறைய எந்தப் பிடிப்பும் இருக்காது. பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள எஃகு, தன் விருப்பப்படி எந்தப் பக்கமும் சாய்ந்து போகும். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே, மெதுவாக, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு தொலைவிலேயே தொடங்க வேண்டும்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைலுக்கு மேல் போவதே அரிது. தொடக்கத்தில் நான் செய்த தவறு, படகு மந்தமாகப் போகிறதே என்று த்ராட்டிலைக் கூட்டியது. கால்வாய் ஆழமற்றது, அதன் தரை ஒரு கிண்ணத்தைப்போல் ஓரங்களில் சேறு படிந்து உயர்ந்திருக்கும். த்ராட்டிலைக் கூட்டும்போது ப்ரொப்பெல்லர் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளிவிட, படகின் பின்பக்கம் பள்ளத்தில் இறங்குவதுபோல் அமிழ்கிறது. இன்ஜின் உறுமுகிறது, கரையில் அலை உடைகிறது, படகோ முன்பைவிட மெதுவாகப் போகிறது. பின்னால் திரும்பிப் பார்க்கும்போது கரையோரம் வெள்ளை நுரையுடன் அலை உடைந்தால் நாம் வேகமாகப் போகிறோம் என்று பொருள். த்ராட்டிலைக் குறைத்தால் பின்பக்கம் நிமிர்ந்து, படகு தானாகவே வழுக்கிக்கொண்டு போகும். வளைவுகளில் உட்புறத்தில்தான் வண்டல் படிந்திருக்கும். குறுக்கே வெட்டிச் செல்லாமல் வெளிப்புறத்தை ஒட்டிச் செல்வது நல்லது.

கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்ஜினை மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது வெறும் மரியாதைக்காக அன்று. நம் படகு நகரும்போது தள்ளும் தண்ணீர் அவர்களுடைய படகை முன்னும் பின்னும் இழுக்கிறது. மண்ணில் அறைந்த முளைகள் பிடுங்கிக்கொள்ளும், உள்ளே அடுப்பில் வெந்நீர் வைத்திருப்பவர் மேல் அது கொட்டும். நான் கட்டி நிற்கும் நாட்களில் இதை அனுபவித்த பிறகு, இருபது படகுகள் வரிசையாக நின்றாலும் இருபதையும் ஊர்ந்தே கடக்கிறேன்.

லாக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய ஆபத்து அங்கேதான் நேர்ந்தது. மேடும் பள்ளமுமான நிலத்தில் கால்வாயைக் கொண்டுபோக, இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு கல்தொட்டி கட்டியிருக்கிறார்கள். படகு உள்ளே நுழைந்ததும் கதவை மூடி, வின்ட்லஸ் எனப்படும் இரும்புத் திருகுகோலைக் கொண்டு மதகைத் திறந்து, தண்ணீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் இறங்கும். படகுக்காரர்கள் மதகை பேடில் என்பார்கள். மேல்கதவின் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு கற்படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் சில். தொட்டி நிரம்பியிருக்கும்போது அது தண்ணீருக்குள் மறைந்திருக்கும். தண்ணீர் இறங்க இறங்க வெளியே வரும். அது எங்கே முடிகிறது என்பதைக் காட்ட பக்கச்சுவரின் மேல் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள்.

2018 ஆகஸ்டில் ஸ்டோக் புரூயர்னில் உள்ள ஏழு லாக்குகளில் நாங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். கிராண்ட் யூனியன் கால்வாயின் அந்தப் பகுதியில் லாக்குகள் இரண்டு படகுகள் பக்கம்பக்கமாக நிற்கும் அளவுக்கு அகலமானவை. எங்கள் ஒற்றைப் படகு அதற்குள் இங்குமங்கும் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது லாக்கில், மனைவி மேலே நின்று கீழ்க்கதவின் மதகைத் திறந்தார். நான் படகின் பின்பக்கத்தில், கரையில் நின்ற ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். படகு மெல்லப் பின்னோக்கி நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. அப்போது மனைவியின் குரல் கேட்டது.

"பின்னாடி! பின்னாடி பாருங்க! படியில மாட்டுது!"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு எனக்கு முன்னால் இருந்தது. சுக்கானின் அடிப்பகுதி கற்படியின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டேயிருந்தது, முன்பக்கமும் அதனுடன் இறங்கியது, நான் நின்ற தளம் மட்டும் அங்கேயே நின்றது. அலமாரியிலிருந்து தட்டுகள் சரிந்து உடையும் ஓசை உள்ளேயிருந்து வந்தது. மனைவி கணநேரமும் தயங்காமல் கீழ்மதகை மூடினார். அடுத்துச் செய்ய வேண்டியதைக் கரையில் நின்றவர் அறிந்திருந்தார். ஓடிப்போய் மேல்மதகைச் சிறிது சிறிதாகத் திறந்து, தண்ணீரை மீண்டும் உள்ளே விட்டார். ஒரு நிமிடம் கழித்துப் படகு முனகிக்கொண்டு படியிலிருந்து எழுந்தது. இன்னும் ஓர் அடி இறங்கியிருந்தால் முன்பக்கத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து, படகு அந்தத் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கும். இவ்விதமாகப் படகுகள் மூழ்குவது இங்கே புதிதன்று.

அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து சில விதிகளை வகுத்தோம். இறங்கும்போது சுக்கானைப் பிடித்திருப்பவர் யாருடனும் பேசுவதில்லை, வெள்ளைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை, இன்ஜினை மெதுவாக முன்கியரில் வைத்துப் படகை முன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும். மதகைத் திறப்பவர், படகில் இருப்பவர் கையை உயர்த்திக் காட்டிய பிறகே திறக்க வேண்டும். திறந்த பிறகு திருகுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மதகின் அருகிலேயே நிற்க வேண்டும், அடுத்த லாக்கைத் தயார்செய்ய நடந்துவிடக் கூடாது. கயிற்றை எங்கும் முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது, ஏனென்றால் தண்ணீர் இறங்கும்போது கட்டிய கயிறு படகைத் தூக்கில் தொங்கவிடும். தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்திருந்தால் போதும். திருகுகோலை மதகின் அச்சிலேயே மாட்டி விட்டுவிடுவதும் கூடாது, பல்சக்கரத்தின் பிடி நழுவினால் அது சுழன்று பறந்து கையை முறித்துவிடும். இவை எல்லாம் கையேடுகளில் எழுதப்பட்டிருப்பவைதான், நானும் வாங்கிய மாதமே படித்திருந்தேன். தட்டுகள் உடைந்த ஓசையைக் கேட்ட பிறகுதான் அவை என்னுடையவை ஆயின.

அந்த லாக்குகளுக்குச் சற்று வடக்கே பிளிஸ்வொர்த் சுரங்கம் இருக்கிறது. 1805இல் திறக்கப்பட்டது, 3,076 கெஜம் நீளம், நேரோபோட்டுகள் எதிரும் புதிருமாகக் கடந்துபோகும் அகலம். உள்ளே படகை இழுக்கும் குதிரைகள் நடக்கக் கரையோரப் பாதை இல்லாததால், அந்தக் காலத்தில் ஆட்கள் பலகையில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகுகளை நகர்த்தினார்கள். இப்போது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். காற்றுத் துளைகளின் கீழே போகும்போது மழைபோல் தண்ணீர் கொட்டுவதால் மழைக்கோட்டை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எதிரே வெளிச்சம் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து வலப்புறச் சுவரை ஒட்டிக்கொள்ளுங்கள். எதிரே வரும் விளக்கைப் பார்க்காமல் நம் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் செலுத்துவதே அங்கே நேராகப் போகும் வழி.

2022 கோடையில் லண்டனை நோக்கிப் போனபோது நேர்ந்த ஒன்றை என்னால் மறக்க முடியாது. சவுத்ஹால் அருகே கால்வாயில் தேங்காய்கள் மிதந்து வந்தன. அங்கு வாழும் இந்துக் குடும்பங்கள் நீர்நிலையில் விடும் பூசைப் பொருட்கள் அவை என்று எங்களுக்குப் பார்த்ததுமே புரிந்தது. சிறிது தூரம் போனதும் இன்ஜினின் ஓசை கனத்தது, படகு இழுபட்டு நின்றது. கரைக்கு வந்து, இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்தளத்தைத் தூக்கி, வீட் ஹாட்ச் எனப்படும் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கும் திறப்பு அது. கலங்கிய தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் தடவியபோது வழுவழுப்பான துணி, கயிறுபோல் முறுக்கேறித் தண்டைச் சுற்றிக் கிடந்தது. அரிவாள்போல் வளைந்த கத்தியால் ஒரு சாண் ஒரு சாணாக அறுத்து எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தது ஓர் அரக்குநிறப் புடவை. சரிகைக் கரை மட்டும் அறுபடாமல் முழுசாக வந்தது. மனைவி அதை வாங்கித் தளத்தில் பரப்பி வைத்து நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருடைய வேண்டுதலோ அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் நம் மக்களிடம் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: கால்வாய் ஓடும் ஆறு அன்று, கட்டிவைத்த தண்ணீர். அதில் விடும் துணி கடலுக்குப் போவதில்லை, அடுத்த படகின் ப்ரொப்பெல்லருக்குத்தான் போகிறது. பூவை விடலாம், துணியையும் பிளாஸ்டிக்கையும் விட வேண்டாம்.

வீட் ஹாட்ச்சைப் பற்றி இன்னொன்று. வேலை முடிந்த களைப்பில் மூடியை அரைகுறையாகத் திருகிவிட்டு இன்ஜினை முடுக்கினால், ப்ரொப்பெல்லர் தண்ணீரை அந்தத் திறப்பின் வழியாக இன்ஜின் அறைக்குள் வாரி இறைக்கும். சில நிமிடங்களில் படகு பின்பக்கமாக அமிழ்ந்துவிடும். மூடியைப் பூட்டி, கையால் அசைத்துப் பார்த்து, இன்ஜினை ஓட்டியபடி ஒரு முறை விளக்கடித்துப் பார்த்த பிறகே தளப்பலகையை மூடுவேன். கையில் கீறல் இருந்தால் உறை அணிய வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எலிகளின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கு இந்தத் தண்ணீர் இடம் கொடுக்கும்.

இன்ஜின் அறையில் தினமும் பார்க்க வேண்டிய மற்றோர் இடம், ப்ரொப்பெல்லரின் தண்டு படகைவிட்டு வெளியேறும் ஸ்டெர்ன் கிளாண்ட். அங்கே எண்ணெய்ப்பசைக் கயிறு அடைத்திருக்கும், அதைத் தாண்டி ஓரிரு சொட்டு உள்ளே வருவது இயல்பு. ஒவ்வொரு நாளும் இன்ஜினை நிறுத்தியதும் கிரீஸ் குப்பியின் பிடியைச் சற்று இறுக்கம் தெரியும்வரை திருகினால் சொட்டு நின்றுவிடும். இதைச் செய்ய மறந்து இரண்டு வாரம் ஊருக்குப் போய், அதற்குள் பேட்டரியும் தீர்ந்து, உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பும் ஓடாமல் போனால், திரும்பி வரும்போது படகு இருக்கும் இடத்தில் கூரை மட்டும்தான் தெரியும்.

கட்டி நிறுத்துவதிலும் ஒரு பாடம் உண்டு. 2021 செப்டம்பரில் இரண்டு லாக்குகளுக்கு இடைப்பட்ட ஒரு குட்டையான பகுதியில் இரவு தங்கினோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டிலிலிருந்து உருண்டு சுவரில் மோதி விழித்தேன். கீழ் லாக்கின் மதகை யாரோ முழுவதும் மூடாமல் போயிருந்தார்கள். இரவெல்லாம் தண்ணீர் கசிந்து வடிந்து, படகு கரையோரச் சேற்றில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டிருந்தது. இறுக்கிக் கட்டிய கயிறுகள் வீணையின் தந்திபோல் விறைத்து நின்றன. மதகை மூடிவிட்டு, மேல் லாக்கின் வழியாகச் சிறிது சிறிதாகத் தண்ணீரை இறக்கிப் படகை மிதக்கவைக்கக் காலை எட்டு மணி ஆயிற்று. லாக்குகளுக்கு இடைப்பட்ட குட்டைப் பகுதிகளில் இரவு தங்குவதை அதன்பின் தவிர்க்கிறோம். வேறு வழியில்லாதபோது, கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட்டு, படுக்கப் போகும் முன் இருபுறத்து மதகுகளையும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்றாட வாழ்க்கையைக் கேட்பவர்கள் முதலில் கழிப்பறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அது நியாயமான கேள்வி. எங்களிடம் இருப்பது கழிவுப்பெட்டியைக் கழற்றி எடுக்கும் கேசட் வகை. இருவருக்கு இரண்டு மூன்று நாட்களில் ஒன்று நிரம்பும். கால்வாயோரம் எல்சன் என்று அழைக்கப்படும் இடங்களில் அதைக் கொட்டிக் கழுவ வேண்டும். அடுத்த இடம் எவ்வளவு தொலைவில் என்பது தெரியாததால் மூன்று கேசட்டுகள் வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி 500 லிட்டர் பிடிக்கும். சிக்கனமாக இருந்தால் ஒன்பது நாள் வரும். நம் ஊரில் குடத்துத் தண்ணீரில் வளர்ந்த என் மனைவிக்கு இது கடினமாக இருக்கவில்லை, நான்தான் கற்றுக்கொண்டேன்.

மின்சாரத்தில் நான் கொடுத்த விலை பெரிது. நான்கு ஈய அமில பேட்டரிகளை வாங்கிப் பொருத்திய முதல் குளிர்காலத்திலேயே அவற்றைக் கெடுத்தேன். இவ்வகை பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினாலோ, முழுவதும் ஏற்றாமல் நாட்கணக்கில் விட்டாலோ, உள்ளே கந்தகப் படிவு கெட்டியாகி அவை சக்தியை இழக்கும். தினம் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டினால் ஏறிவிடும் என்று நம்பியிருந்தேன். கடைசி 20 சதவீதம் ஏறத்தான் மணிக்கணக்கில் ஆகும் என்பது அப்போது தெரியாது. கூரையில் சூரியத் தகடுகள் வைத்த பிறகு மார்ச் முதல் செப்டம்பர் வரை கவலையில்லை. டிசம்பரில் அவை தருவது விளக்குக்கே போதாது. அந்த மாதங்களில் இன்ஜினைத்தான் நம்ப வேண்டும், அதையும் கட்டி நிற்கும்போது காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நடுவே மட்டுமே ஓட்டலாம் என்பது விதி. மிக்ஸியையும் ஹேர் டிரையரையும் பேட்டரியில் ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். தோசை மாவைக் கடையில் வாங்குகிறோம், சட்னிக்கு ஒரு சிறு அம்மிக்கல் வந்துவிட்டது.

குளிரைத் தாங்குவது அடுப்பினால்தான். புகையில்லா நிலக்கரி 25 கிலோ மூட்டை ஒன்று ஐந்து நாள் வரும். கால்வாயில் டீசலும் நிலக்கரியும் ஏற்றிக்கொண்டு வந்து விற்கும் படகுகள் உண்டு, அவை வரும் தேதியை அறிந்து வைத்துக்கொண்டால் மூட்டை சுமக்க வேண்டியதில்லை. சமையல் எரிவாயுவுக்கு புரொப்பேன் சிலிண்டரையே வாங்குங்கள், பூட்டேன் உறைநிலைக் குளிரில் வாயுவாக மாறாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறையுள்ள படகுகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் விதியிலேயே சேர்ந்துவிட்டது. விதி இல்லாவிட்டாலும் அது வேண்டும். இரவு அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கும் இரும்புப் பெட்டிக்குள் அதைவிட முக்கியமான பொருள் வேறில்லை. காற்றுத் துளைகளைக் குளிருக்காகத் துணி வைத்து அடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எக்காரணத்தைக் கொண்டும் அதைச் செய்யாதீர்கள்.

சட்டப்படி வேண்டியவை மூன்று: உரிமம், காப்பீடு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. நிலையான நிறுத்துமிடம் இல்லாதவர்கள், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்காமல் தொடர்ந்து பயணம் செய்ய வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அவர்களுக்கு உரிமத்தில் கூடுதல் கட்டணமும் உண்டு. வேலைக்கோ பள்ளிக்கோ ஓர் ஊரைச் சார்ந்திருப்பவர்கள் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகை அதிகம் என்று படகுக்கு வருகிறவர்கள் பலர். உரிமம், நிலக்கரி, டீசல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தார் பூச்சு, எதிர்பாராத இன்ஜின் வேலை ஆகிய அனைத்தையும் கூட்டினால் படகு மலிவான வீடன்று.

பயணத்தைத் திட்டமிட எளிய கணக்கொன்று: போக வேண்டிய மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம் வரும். பன்னிரண்டு மைல், ஒன்பது லாக் என்றால் ஏழு மணி நேரம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துமிடம் தேடத் தொடங்குவோம். நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காக ஆங்காங்கே லாக்குகள் மூடப்படும், அந்தப் பட்டியலைப் பார்க்காமல் குளிர்காலப் பயணம் புறப்பட்டால் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

ஆனால் எங்களை நெடுநாள் நிறுத்திவைத்தது கோடைதான். அகலமான லாக் ஒன்று ஒரு முறைக்கு இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கீழே அனுப்பிவிடுகிறது. கால்வாயின் உச்சிப் பகுதியைத் தாண்டும் ஒவ்வொரு படகும் இருபுறமும் அவ்வளவு தண்ணீரை இறக்குகிறது. அதை ஈடுசெய்ய மேட்டில் ஏரிகள் கட்டியிருக்கிறார்கள், பெரும்பாலானவை 200 ஆண்டு பழமையானவை. 2025 வசந்தத்தில் மழை பொய்த்து, கோடையில் பல கால்வாய்களில் லாக்குகள் சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டன. நாங்கள் நின்ற பகுதியிலும் அப்படியே. நீர்மட்டம் வாரம் இரண்டு விரற்கடை என்று குறைந்துகொண்டே போனது. கரையோரக் கல்லில் நான் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், ஒன்பது கோடுகள் ஆயின. ஏற்கெனவே நின்றிருந்த பதினோரு படகுகளும் நடுப்பகுதிக்கு நகர்ந்து ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிக்கொண்டன. குடிநீர்க் குழாய் இருந்த இடம் அரை மைல் தள்ளி, அங்கே படகு போக முடியாததால், பக்கத்துப் படகுக்காரருடைய தள்ளுவண்டியில் எல்லோருக்கும் முறைவைத்துக் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்தோம். சோளத்தட்டைபோல் காய்ந்த நாணல்களுக்கு நடுவே ஒரு நாரை நாள் முழுவதும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இலையுதிர்காலத்தில் மழை வந்தது. மூன்று வாரம் விட்டுவிட்டுப் பெய்தது. கடைசிக் கோட்டிலிருந்து ஒன்றாவது கோடு வரை தண்ணீர் ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டு ஏறியது. லாக் திறந்த காலையில் ஊழியர் ஒருவர் சங்கிலியைக் கழற்றும்போது எங்களுக்கு முன்னால் நான்கு படகுகள் நின்றன. மனைவி திருகுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் முறை வந்தபோது அவர் மதகின் அருகே நின்று என்னைப் பார்த்தார். நான் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினேன்.